குட்டிக் கடற்கன்னி (கதைமாந்தர்)

குட்டிக் கடற்கன்னி என்பவள் டேனிய எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆன்டர்சன் (1805–1875) எழுதி 1837ஆம் ஆண்டில் வெளியான அதே பெயருடைய தேவதைக் கதையின் தலைவி ஆவாள். டேனிய மொழியில் இக்கதை டென் லில்லே ஹாவ்ஃப்ரூ எனப்படுகின்றது. கடலடியில் ஆட்சி செய்யும் அரசனின் கடைசி மகளான இவளுக்கு மூலக்கதையில் தனிப்பெயர் எதுவும் தரப்படவில்லை.

இளவரசன் ஒருவன் மீது கொண்ட காதலுக்காகவே இவள் தன் குரலை இழந்து மனித உருப் பெற்றாள் என்பது பரவலான எண்ணமாகும். மூலக்கதையில் காதலுடன் வேறு இரு நோக்கங்களும் இவளைச் செலுத்துகின்றன. ஒன்று, மனித உலகை அறியும் ஆவல். மற்றொன்று, இறப்பிற்குப் பின்னும் அழியாத ஆன்மாவைப் பெறும் விருப்பம். முதலாவது இளவரசனைக் காண்பதற்கு முன்பே தோன்றிவிடுகின்றது. இரண்டாவது இளவரசனை இழந்த பின்னும் நீடிக்கின்றது. கதையின் முடிவை விளங்கிக்கொள்வதற்கு இவ்விரு நோக்கங்களையும் கருத்திற் கொள்வது தேவையாகும்.

வெளியீடு

இக்கதை 1837ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் வெளியானது. குழந்தைகளுக்குச் சொல்லப்பட்ட தேவதைக் கதைகள் என்னும் ஆன்டர்சனின் தொகுதியில் மூன்றாவது சிறுநூலாக இது வந்தது. அந்தச் சிறுநூலில் இக்கதையுடன் இடம்பெற்ற மற்றொரு கதை, உலகப் புகழ் பெற்ற "பேரரசனின் புத்தாடை" ஆகும்.

நூலின் முன்னுரையில், இக்கதையின் ஆழ்ந்த பொருளைப் பெரியவர்களே முழுமையாக உணர முடியும் என்றும், எனினும் குழந்தைகளும் இதனை விரும்புவர் என்றும் ஆன்டர்சன் குறிப்பிட்டார். கதை காதலோடு நின்றுவிடவில்லை என்பதற்கு ஆசிரியரே தந்த முதற் குறிப்பாக இதனைக் கொள்ளலாம்.

கதைச் சுருக்கம்

கடலரசன் மனைவியை இழந்தவன். அவனுடைய ஆறு மகள்களையும் அவன் தாயே வளர்க்கின்றாள். பதினைந்து வயது நிறைந்ததும் ஒவ்வொருத்தியும் கடலின் மேற்பரப்புக்குச் செல்ல இசைவு பெறுகின்றாள். கடைசி மகள் தன் முறை வரும்வரை மற்றவர்களை விட நீண்டகாலம் காத்திருக்க வேண்டியதாகின்றது.

அவள் மேலே வரும் நாளில், கப்பல் ஒன்றில் இளவரசன் ஒருவனின் பிறந்தநாள் கொண்டாடப்படுகின்றது. புயலில் கப்பல் உடைகின்றது. அவள் இளவரசனைக் காப்பாற்றிக் கரையில் சேர்க்கின்றாள். அருகிலிருந்த வழிபாட்டு இடத்திலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி அவனைக் கண்டெடுக்கின்றாள். தன்னைக் காத்தவள் அவளே என இளவரசன் நம்பிவிடுகின்றான்.

கடற்கன்னி கடற் சூனியக்காரியிடம் சென்று மனிதக் கால்களைக் கேட்கின்றாள். அதற்கு விலையாக அவளது நாக்கு வெட்டப்படுகின்றது. கால்கள் கிடைக்கின்றன, ஆயினும் ஒவ்வோர் அடியும் கூரிய கத்திகளின் மேல் நடப்பது போன்ற வலியைத் தருகின்றது. இளவரசன் வேறொருத்தியை மணந்தால் மறுநாட் காலை அவள் இதயம் வெடித்துக் கடல்நுரையாகிவிடுவாள் என்பது நிபந்தனை.

இளவரசன் அவள் மீது அன்பு காட்டுகின்றான். ஆனால் அவளை மனைவியாக்க எண்ணவில்லை. அயல்நாட்டு இளவரசியே தன்னைக் கரையில் கண்ட பெண் என்பதை அறிந்து அவளை மணக்கின்றான். அன்றிரவு கடற்கன்னியின் அக்காமார் தங்கள் கூந்தலைச் சூனியக்காரிக்குக் கொடுத்து ஒரு கத்தியைப் பெற்று வருகின்றனர். சூரியன் எழுவதற்குள் இளவரசனைக் கொன்று, அவனது குருதி தன் கால்களில் தெறிக்கச் செய்தால் அவள் மீண்டும் கடற்கன்னியாகலாம். அவள் கத்தியைக் கடலில் எறிந்துவிட்டுத் தானும் குதிக்கின்றாள். அவள் உடல் நுரையாகின்றது. ஆயினும் அவள் மறைந்து போகாமல், காற்றின் மகள்கள் எனப்படும் ஆவிகளுள் ஒருத்தியாக மாறுகின்றாள்.

நோக்கங்கள்

மனித உலகின் மீதான ஆவல்

இளவரசன் கதையில் தோன்றுவதற்கு முன்பே, கடற்கன்னியின் மனம் மேலுலகை நாடுவதை ஆன்டர்சன் விரிவாகக் காட்டுகின்றார். கப்பல்கள், நகரங்கள், மனிதர்கள், விலங்குகள் என மேலுலகைப் பற்றிப் பாட்டி அறிந்தவற்றையெல்லாம் கேட்பதே அவளுக்கு மிகப்பெரிய இன்பமாக இருக்கின்றது. கடலடிப் பூக்களுக்கு மணம் இல்லை. நிலத்துப் பூக்கள் மணக்கும் என்பது அவளுக்கு வியப்பளிக்கின்றது.

அரண்மனைத் தோட்டத்தில் ஒவ்வோர் இளவரசிக்கும் ஒரு பாத்தி உண்டு. அக்காமார் உடைந்த கப்பல்களிலிருந்து கிடைத்த பொருள்களால் தங்கள் பாத்திகளை அழகு செய்கின்றனர். கடைசி மகள் தன் பாத்தியைச் சூரியனைப் போல வட்டமாக அமைத்து, சூரியனைப் போன்ற செந்நிறப் பூக்களை மட்டும் வளர்க்கின்றாள். தான் இன்னும் நேரில் காணாத ஓர் உலகை அவள் தன் தோட்டத்தில் உருவாக்கிப் பார்க்கின்றாள் எனலாம்.

எனினும் அதே தோட்டத்தில் அழகிய சிறுவனின் பளிங்குச் சிலை ஒன்றும் உள்ளது. புயலிரவில் இளவரசனைப் பார்க்கும்போது அந்தச் சிலையின் சாயலை அவனிடம் அவள் காண்கின்றாள். எனவே ஆவலையும் காதலையும் கதை முற்றிலும் பிரித்து வைக்கவில்லை. ஆவல் முதலில் வருகின்றது. காதல் அந்த ஆவலுக்கு ஒரு முகத்தைத் தருகின்றது.

இளவரசனைக் காப்பாற்றிய பிறகும் அவளது ஈர்ப்பு அவன் ஒருவனோடு நின்றுவிடவில்லை. மனிதர்கள் அனைவரையும் அவள் மேலும் மேலும் விரும்பத் தொடங்குகின்றாள். கப்பல்களில் கடலைக் கடக்கவும், முகில்களுக்கு மேலுயர்ந்த மலைகளில் ஏறவும் அவர்களால் முடிகின்றது. அவர்களுடைய உலகம் தன் உலகை விடப் பெரிதென அவளுக்குத் தோன்றுகின்றது.

அழியா ஆன்மா

இக்கதையின் திருப்புமுனை கடற்கன்னிக்கும் பாட்டிக்கும் இடையில் நடைபெறும் உரையாடலாகும். நீரில் மூழ்காத மனிதர்கள் என்றென்றும் வாழ்வார்களா என அவள் கேட்கின்றாள். பாட்டி தரும் விளக்கத்தைப் பின்வருமாறு சுருக்கலாம்:

- மனிதர்களும் இறப்பவர்களே. அவர்களின் வாழ்நாள் கடல்மாந்தரின் வாழ்நாளை விடக் குறைவு.
- கடல்மாந்தர் 300 ஆண்டுகள் வாழ்வர். இறந்ததும் நுரையாகி ஏதும் எஞ்சாமல் மறைவர்.
- மனிதர்களுக்கு ஆன்மா உண்டு. உடல் மண்ணான பின்னும் அது வானுலகில் வாழும்.
- ஒரு மனிதன் கடற்கன்னியைத் தன் தாய் தந்தையரை விட மேலாக நேசித்து, மதகுரு முன்னிலையில் மணந்தால், அவனது ஆன்மா அவளுள்ளும் பாயும்.

இதைக் கேட்ட கடற்கன்னி, ஒரே ஒரு நாள் மனிதப் பிறவியாக வாழ்ந்து வானுலகில் பங்கு பெற முடியுமானால் தன் 300 ஆண்டுகளையும் கொடுத்துவிடத் தயார் என்கின்றாள். இந்த வேளையில் அவள் இளவரசனின் பெயரைச் சொல்லவில்லை. திருமணம் பற்றிய செய்தி இதன் பின்னரே பாட்டியிடமிருந்து வருகின்றது. ஆன்மாவின் மீதான விருப்பம் காதலுக்கான சாக்கு அன்று என்பதை உரையாடலின் இவ்வரிசை காட்டுகின்றது.

மனிதருக்கு மட்டுமே அழியா ஆன்மா உண்டு என்னும் எண்ணம் கிறித்தவச் சூழலில் எழுந்ததாகும். எல்லா உயிர்களுக்கும் ஆன்மா உண்டு எனக் கொள்ளும் இந்தியச் சமய மரபுகளிலிருந்து இது வேறுபட்டது. இந்த வேறுபாட்டை அறியாதவருக்கு, மனிதக் கால்களுக்காக இவள் ஏன் இவ்வளவு பெரிய விலை கொடுக்கின்றாள் என்பது விளங்காமற் போகலாம்.

காதல்

கதையில் காதல் சிறிய பங்கு வகிக்கின்றது எனக் கூற முடியாது. சூனியக்காரியின் இருப்பிடத்தை அடையும் வழியில் அச்சத்தால் கடற்கன்னி திரும்பிவிட எண்ணுகின்றாள். அப்போது இளவரசனையும் மனித ஆன்மாவையும் ஒருசேர நினைத்தே துணிவு பெறுகின்றாள். சூனியக்காரியும் இவ்விரண்டுமே அவளது குறிக்கோள் என்பதை அறிந்து வைத்திருக்கின்றாள். கதை முழுவதும் இவ்விரண்டும் இணைந்தே குறிப்பிடப்படுகின்றன.

இந்த இணைப்பே அவளுடைய இக்கட்டுக்குக் காரணமாகவும் அமைகின்றது. அவள் விரும்பும் ஆன்மா மற்றொருவரின் மனத்தைச் சார்ந்துள்ளது. ஆனால் அந்த மனத்தை வெல்வதற்குப் பயன்படக்கூடிய குரலை அவள் முன்கூட்டியே விலையாகக் கொடுத்துவிடுகின்றாள். தான் காப்பாற்றிய உண்மையை இளவரசனிடம் சொல்ல அவளால் இயலவில்லை. திருமண இரவில் அவள் மற்றவர்களோடு ஆடும்போது, அவனைக் கடைசியாகக் காண்பதையும், ஆன்மா இல்லாத தனக்குச் சிந்தனையும் கனவும் அற்ற முடிவிலா இரவு காத்திருப்பதையும் ஒன்றாகவே எண்ணுகின்றாள்.

கத்தியை எறிதல்

கதையின் உச்சகட்டத்தில் இம்மூன்று நோக்கங்களுமே தோல்வியடைந்துவிட்டன. மனித உலகில் அவளுக்கு மேலும் ஒரு நாள் இல்லை. ஆன்மா கிடைக்கவில்லை. இளவரசன் மற்றொருத்தியின் கணவனாகிவிட்டான். எஞ்சியிருப்பது கத்தி தரக்கூடிய 300 ஆண்டு வாழ்வு மட்டுமே. உறக்கத்தில் அவன் தன் மனைவியின் பெயரைச் சொல்வதைக் கேட்ட பின்னும் அவள் அவனைக் கொல்லவில்லை.

காற்றின் மகள்களைப் பற்றி அவள் இதுவரை கேள்விப்பட்டதில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. தான் முற்றிலும் அழியப்போவதாக நம்பியே கத்தியை எறிகின்றாள். எனவே இச்செயலை ஆன்மாவைப் பெறுவதற்கான வழியாக அவள் செய்தாள் எனக் கொள்ள இயலாது. பெறுவதற்கு எதுவுமில்லாத நிலையில் செய்த செயலே, அவள் தேடிய ஆன்மாவுக்கான வழியைத் திறந்துவிடுகின்றது.

முடிவும் உன்டீன் கதையும்

நீரில் வாழும் ஆவிகள் மனிதரை மணப்பதன் மூலம் ஆன்மா பெறும் என்னும் கருத்து ஆன்டர்சனுக்கு முற்பட்டது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவரும் இரசவாதியுமான பாராசெல்சஸ் இதுபற்றி எழுதியுள்ளார். இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு செருமானிய எழுத்தாளர் ஃபிரீட்ரிக் டி லா மோட் ஃபூக்கே 1811ஆம் ஆண்டில் உன்டீன் என்னும் குறும்புதினத்தை வெளியிட்டார். அதில் உன்டீன் என்னும் நீர்மகள் ஒரு வீரனை மணந்து ஆன்மா பெறுகின்றாள். பின்னர் அவனால் கைவிடப்படுகின்றாள்.

ஆன்டர்சன் உன்டீன் கதையை அறிந்திருந்தார். எழுத்தாளர் பெர்ன்ஹார்ட் செவரின் இங்கெமன் என்பவருக்கு 1837ஆம் ஆண்டு பெப்ரவரியில் எழுதிய மடலில், ஃபூக்கே செய்தது போலத் தன் கடற்கன்னியின் ஆன்மாவை வேறோர் உயிரின் அன்பைச் சார்ந்ததாக ஆக்கத் தாம் விரும்பவில்லை எனத் தெரிவித்தார். அவ்வாறு செய்தால் அது தற்செயல் நிகழ்வைப் பொறுத்ததாகிவிடும் என்பது அவர் வாதம்.

கதையின் இறுதிப் பகுதி இந்த மடலுக்கு இயைந்ததாக உள்ளது. கடற்கன்னியின் நிலைபேறு பிறிதொரு சக்தியைச் சார்ந்தது எனக் காற்றின் மகள்கள் அவளிடம் கூறுகின்றனர். தங்களுக்கும் ஆன்மா இல்லை என்றும், ஆயினும் நற்செயல்களின் மூலம் அதனைத் தாங்களே உருவாக்கிக்கொள்ள முடியும் என்றும் விளக்குகின்றனர். வெப்ப நாடுகளில் கொள்ளைநோய்க் காற்றால் மடியும் மனிதர்களுக்குக் குளிர்ச்சி கொண்டு செல்வதும், பூக்களின் மணத்தைப் பரப்புவதும் அவர்களின் பணிகளாகும். 300 ஆண்டுகள் இவ்வாறு உழைத்தால் ஆன்மா கிடைக்கும். கடலில் வாழ்ந்திருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாழ்நாளும் அதே 300 ஆண்டுகளே என்பது கவனிக்கத்தக்கது.

கடற்கன்னிகளுக்குக் கண்ணீர் இல்லை எனக் கதையின் தொடக்கத்தில் கூறப்படுகின்றது. காற்றின் மகளான பின்னரே அவள் முதன்முறையாகக் கண்ணீரை உணர்கின்றாள். யார் கண்ணுக்கும் தெரியாமல் மணமகளின் நெற்றியில் முத்தமிட்டு, இளவரசனை நோக்கிப் புன்னகைத்து மேலெழுகின்றாள்.

ஆசிரியர் வாழ்வுடன் தொடர்பு

செருப்புத் தைப்பவரின் மகனாக ஓடென்சே நகரில் பிறந்த ஆன்டர்சன், 1819ஆம் ஆண்டில் தம் பதினான்காம் வயதில் தனியாகக் கோபன்ஹேகன் சென்றார். அரங்கில் பாடகராகும் அவரது முயற்சி, வயதுக்கேற்பக் குரல் உடைந்ததால் தடைப்பட்டது. அரங்க இயக்குநர்களுள் ஒருவரான யோனாஸ் கொலின் அவரது கல்விக்கு உதவினார். கொலின் குடும்பத்தோடு நெருங்கிப் பழகிய போதிலும், தாம் அவர்களுக்கு இணையாக ஏற்கப்படவில்லை என்னும் ஏக்கம் ஆன்டர்சனிடம் இருந்தது. யோனாஸின் மகன் எட்வர்ட் கொலின் மீது அவர் ஆழ்ந்த அன்பு வைத்திருந்தார். எட்வர்டின் திருமணம் 1836ஆம் ஆண்டில் நடைபெற்றது.

இதனை அடிப்படையாகக் கொண்டு, சொல்ல முடியாத காதலின் உருவகமாக இக்கதையை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் சிலர் காண்கின்றனர். வேறோர் உலகிற்குள் நுழைய விரும்பி, அதற்காகத் தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் ஒருவரின் வலியாகவும் இதனைப் படிக்க இடமுண்டு. இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

விமர்சனங்கள்

கதையின் முடிவு பலரின் கண்டனத்திற்கும் உள்ளாகியுள்ளது. நல்ல குழந்தை ஒன்றைக் காணும்போது காற்றின் மகள்களின் காத்திருப்புக் காலத்தில் ஓராண்டு குறையும் என்றும், குறும்புக் குழந்தையைக் கண்டு சிந்தும் ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்கும் ஒரு நாள் கூடும் என்றும் இறுதி வரிகளில் கூறப்படுகின்றது. மேரி பாப்பின்ஸ் கதைகளின் ஆசிரியர் பி. எல். டிராவர்ஸ் இதனைக் குழந்தைகளை மிரட்டிப் பணிய வைக்கும் செயலாகக் கண்டித்தார்.

பெண்ணிய நோக்கில் படிப்பவர்கள், குரலை இழந்து ஒவ்வோர் அடியிலும் வலியைத் தாங்கும் பெண்ணைக் கதை புகழ்வதாகக் குறை கூறுகின்றனர். இதற்கு மாறாக, அமெரிக்க ஆய்வாளர் மரியா டாட்டார், புதிய உலகங்களை அறியத் துடிக்கும் கடற்கன்னியின் ஆவலுக்கும் துணிவுக்கும் முதன்மை தருகின்றார். இவ்விரு பார்வைகளுக்கும் கதையிலேயே சான்றுகள் உள்ளன. தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்து புறப்படுபவள் அவளே. அதற்காக வாய் பேச இயலாதவளாகி அரண்மனையில் இளவரசனின் அறைக்கு வெளியே மெத்தையில் உறங்குபவளும் அவளே.

தழுவல்களில் நோக்கங்களின் மாற்றம்

இக்கதையைத் தழுவிய படைப்புகள் மேற்கூறிய நோக்கங்களுள் எவற்றை ஏற்றுக்கொண்டன, எவற்றை நீக்கின என்பதைக் கொண்டு அவற்றை ஒப்பிடலாம்.

- மீனவனும் அவன் ஆன்மாவும் (1891): ஆஸ்கர் வைல்டு எழுதிய கதை. இதில் நிலைமை தலைகீழாக உள்ளது. கடற்கன்னியை அடைவதற்காக மனிதன் ஒருவன் தன் ஆன்மாவைத் துறக்கின்றான்.
- ருசால்கா (1901): செக் இசையமைப்பாளர் அன்டோனின் துவோர்ஷாக்கின் இசை நாடகம். பிராகா நகரில் முதலில் அரங்கேறியது. தலைவி மனித உருவையும் ஆன்மாவையும் விரும்புகின்றாள். ஆன்டர்சனின் ஆறுதலான முடிவு இதில் இல்லை.
- தி லிட்டில் மெர்மெய்ட் (1989): வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் அசைவூட்டத் திரைப்படம். ஏரியல் எனப் பெயரிடப்பட்ட தலைவி மனிதர்களின் பொருள்களைச் சேகரிக்கின்றாள். மனித உலகில் வாழும் ஏக்கத்தை, இளவரசன் எரிக்கைக் காண்பதற்கு முன்பே பாடலாக வெளிப்படுத்துகின்றாள். ஆன்மா பற்றிய பகுதி முழுவதும் நீக்கப்பட்டுள்ளது. கதை திருமணத்தில் முடிகின்றது.
- போன்யோ (2008): சப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் அசைவூட்டத் திரைப்படம். மீன் வடிவச் சிறுமி ஒருத்தி ஐந்து வயதுச் சிறுவனுடன் வாழ மனிதப் பிறவியாக விரும்புகின்றாள். இங்கு காதலின் இடத்தைக் குழந்தைப் பருவ நட்பு பெறுகின்றது.

டிஸ்னி திரைப்படம் ஆவல் என்னும் நோக்கத்தைத் தக்கவைத்துக்கொண்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆன்மாவை நீக்கியதால், ஆவலுக்கான பரிசாகத் திருமணமே எஞ்சுகின்றது. ஆன்டர்சன் தவிர்க்க விரும்பிய சார்புநிலை இவ்வாறு கதைக்குள் மீண்டும் வந்துவிடுகின்றது. இத்திரைப்படத்தின் நடிகர்கள் தோன்றும் மறுஆக்கம் ராப் மார்ஷல் இயக்கத்தில் 2023ஆம் ஆண்டில் வெளியானது.

சிலை

கோபன்ஹேகன் துறைமுகப் பகுதியில் உள்ள குட்டிக் கடற்கன்னியின் வெண்கலச் சிலை 1913ஆம் ஆண்டு ஆகத்து 23ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. இக்கதையைத் தழுவிய பாலே நடனத்தைக் கண்டு கவரப்பட்ட மதுபான ஆலை உரிமையாளர் கார்ல் யாக்கோப்சன் இதனைச் செய்வித்தார். சிற்பி எட்வர்ட் எரிக்சன் ஆவார். சிலையின் உயரம் 1.25 மீட்டர். எடை 175 கிலோகிராம். 1964ஆம் ஆண்டில் சிலையின் தலை அறுத்து எடுத்துச் செல்லப்பட்டது. பின்னர் புதிய தலை பொருத்தப்பட்டது.

எரிக்சனின் சிலையில் கடற்கன்னிக்கு மனிதக் கால்கள் உள்ளன. அவற்றின் முனைகள் மீனின் துடுப்புகளைப் போல முடிகின்றன. கடலை முற்றிலும் விட்டு நீங்காமலும் நிலத்தை முற்றிலும் அடையாமலும் இருக்கும் நிலையிலேயே அவள் பாறை மீது அமர்ந்திருக்கின்றாள். இளவரசனின் உருவம் சிலையில் இடம்பெறவில்லை.